நூற்றுக்குக் குறைவது

ஹம்பர் ஆற்றின் காற்று ஹல் நகருக்குள் நுழையுமுன்
முதலில் மோதிப் பார்ப்பது
அந்த ஆறு மாடியின் தெற்குச் சுவரில்.
சுவருக்கு இந்த வருடம் பூச்சு வேலை:
பதினோராயிரத்து நானூறு பவுண்டு.
இருபத்திரண்டு கதவுகளுக்கு அதைப் பிரித்துவிடுவது
என் பிழைப்பு.

நான் அங்கே குடியில்லை.
பெவர்லி சாலையில், ஒரு பல் மருத்துவருக்கு மேலே என் மேசை.
கீழே துளைக்கருவி அலறும்போதெல்லாம்
தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டின் பங்கும்
குத்தகைப் பத்திரத்தில் தட்டச்சாகி உறைந்திருக்கிறது.
முதல் வீட்டுக்கு 4.48. ஆறாம் மாடி மூலைக்கு 5.12.
அறுபத்தெட்டில் யாரோ ஒருவர்
அளவு நாடாவோடு அறை அறையாக நடந்திருக்கிறார்.
அன்று மழையா, அவருக்குப் பசியா,
நாடாவின் மறுமுனையைப் பிடித்தது யார்,
பத்திரம் சொல்லாது.

முதல் வீட்டு க்ளிஃப் ப்ளென்கின்
ஏப்ரல் தவறாமல் எழுதுவார்:
"நான் தரையில் வாழ்கிறவன். லிஃப்ட் எனக்கெதற்கு?
அறுபத்தோரு பவுண்டு இருபது பென்சைக்
கழித்துக்கொண்டு அனுப்புகிறேன்."
நானும் எழுதுவேன்:
ஐயா, ஆறாம் மாடி ஹலீனா வில்க் ஒருநாள்
உங்கள் வாசல் சாக்கடை எனக்கெதற்கு என்று கேட்டால்?
கிழித்துப் போட்டுவிட்டு
மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவை
மேற்கோள் காட்டி வேறொன்று அனுப்புவேன்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
இது சண்டை இல்லை, பருவகாலம்.

ஒன்பதாம் வீட்டு யுஸ்ரா கடிதம் எழுதுவதில்லை.
மதியம் ஒன்றரைக்கு, வேலையின் இடைவேளையில்,
தணிந்த குரலில் தவணை கேட்பாள்.
இம்முறை முடிக்கும்போது சொன்னாள்:
"ஐநூற்று இருபத்து நான்கு பவுண்டுக்கு
எவ்வளவு சுவர் வரும் என்று என் மகன் கேட்கிறான்.
எங்கள் பங்கைப் பார்க்க வேண்டுமாம்."

சாரம் கட்டிய அன்று போனேன்.
பையன் பள்ளிப் பையோடு அண்ணாந்து நின்றான்.
அந்தக் கடற்காகம் உட்கார்ந்திருக்கிறதே,
அங்கிருந்து அந்தக் குழாய் வரை என்றேன்.
பொய். ஆனாலும் கண்ணால் அளந்து,
ஏறக்குறைய நியாயமாகவே சொன்ன பொய்.
அவன் தலையாட்டினான்.
பறவை எழுந்து பதினாறாம் வீட்டுப் பங்குக்குப் போனது.

இனி, யாரிடமும் சொல்லாத ஒன்று.
இருபத்திரண்டு பங்குகளையும் கூட்டினால்
நூறு வராது.
98.64.

மிச்சம் தரைத்தளக் காவலாளி அறைக்கு.
தொண்ணூற்றொன்றோடு காவலாளி வேலையே போயிற்று.
இப்போது அங்கே சைக்கிள்கள், கால் உடைந்த தொட்டில்,
பாதி மொட்டையான பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.
எவர் கையெழுத்தும் இல்லாத அறை.
அதன் மேலும் அதே கூரை, அதே மழை.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஹெஸ்டர் கார்பட்
வருடா வருடம் 1.36-க்கு எதிரே
பென்சிலால் ஒரே சொல் எழுதியிருக்கிறாள்: வந்தது.
எங்கிருந்து என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை. வருகிற பணத்தைக்
குறுக்கு விசாரணை செய்கிறவள் கணக்குக்கு ஆகாதவள்.

இந்த ஏப்ரலில் தபால் பிரிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல்.
உறைகளை நானே கிழித்தேன்.
லிஃப்டைக் கழித்த ப்ளென்கினின் காசோலை,
வழக்கமான வசவோடு.
அடுத்த உறையிலும் அதே சாய்ந்த கையெழுத்து.
கடிதம் இல்லை. காசோலை மட்டும்:
சுவருக்கு, நூற்றைம்பத்தைந்து பவுண்டு நான்கு பென்ஸ்.
போட்டுப் பார்த்தேன்.
பென்ஸ் பிசகவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன்.
நெடுநேரம் கழித்து எடுத்தார்.
இரண்டாவது உறை என்று தொடங்கியதுமே
"அதை என் கணக்கில் சேர்க்காதே" என்றார்.
"அது வேறு."
வேறு என்றால்?

பின்னால் கெட்டில் கொதித்து அடங்கியது.

"அந்த லிஃப்ட் விஷயத்துக்கு
இன்னும் பதில் வரவில்லை" என்றார்.